தோளில் ஒரு கை

எங்கள் நாற்காலிக் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இணையதளத்தில் படங்களுக்கு எழுத்து விவரிப்பு இல்லை, பார்வையில்லாதவர் எதை நம்பி வாங்குவார், சட்டப்படி இது தவறு என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முழி பிதுங்கியது. வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாவற்றையும் சரிபார்த்து, வக்கீலுக்கு அனுப்பும் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் என் கொழுந்தனார். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, அதைக் கேட்டுத்தான் கடையின் போன் வியாபாரம் முழுவதையும் பார்க்கிறார். நான் "அழகான நாற்காலி" என்று எழுதியதை உடனே திருப்பி அனுப்பினார்.

"அழக வச்சு நான் என்ன பண்ண அண்ணி? கை வைக்க இடம் இருக்கா, சக்கரம் இருக்கா, அதச் சொல்லுங்க."

நாற்காலிகள் முடிந்து 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு வந்தேன். அதை நான் திறந்ததே இல்லை. என் முகத்தைப் பார்க்க வீட்டில் கண்ணாடி இருக்கிறது. கடை வாசலில் மூவரும் நின்று எடுத்த படம் அது. கொழுந்தனார் போனில் பேசும் எல்லாரிடமும், "ஓரத்துல கறுப்புக் கண்ணாடி போட்டு நிக்கிறது நான்தாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

படத்தில் இருவர்தான் இருந்தோம்.

"வாங்க வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்கன்னு வெட்டினேன்" என்று மென்று விழுங்கினார் வீட்டுக்காரர். "அலங்காரப் படம்னு குறிச்சிடு. மெஷின் வாயத் தொறக்காமத் தாண்டிடுமாம்."

"அது பக்கத்தோட ஓரத்துல போடுற பூவுக்கும் கோட்டுக்கும். முக்காலிக்கே நாலு வரி எழுதியிருக்கேன். உங்க தம்பி அதுக்கும் கீழயா?"

அப்படிக் கேட்டுவிட்டேன். ஆனாலும் 'எங்கள் குடும்பம்' என்று பூசி மெழுகிவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு, என் சொல்லை நம்பித்தானே அந்த மனிதர் படம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இருப்பதை எழுதினேன்: "கடை வாசலில் கணவனும் மனைவியும். கணவரின் தோளில் ஒரு கை. கைக்குரியவர் படத்தில் இல்லை."

கணினி அதை வாசிக்க, கொழுந்தனார் கேட்டார். மறுபடியும் ஒரு தடவை வாசிக்க வைத்தார்.

"வாட்ச் கட்டின கையா அண்ணி?"

"ஆமா தம்பி."

வீட்டுக்காரர் அளந்த மேசையையே திரும்ப அளந்துகொண்டிருந்தார். கொழுந்தனார் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"அறிக்கையில எழுதிக்கங்க. விவரிப்பு சரி. படம்தான் தப்பு. அத மாத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வீட்டுக்காரர் டேப்பை வைத்துவிட்டு, முழுப் படம் இருக்கும் பழைய போனைத் தேடி உள்ளே போனார். இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைப் போன் அடித்தது. கொழுந்தனார் எடுத்து வழக்கம்போல விலை சொன்னார், சக்கரம் வைத்ததா என்று விசாரித்தார். எதிர்முனையில் படத்தைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அதுல நான் இன்னும் வரலைங்க" என்றார். "நாளைக்குப் பாருங்க."