மூன்று குஞ்சம்

காலையிலிருந்து அப்பா குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் என் மகள் நோயேமிக்குக் கல்யாணம். தாத்தாவின் பிரார்த்தனைச் சால்வையை நாலு கம்பில் பந்தலாகப் பிடித்தால்தான் அதன் கீழே வந்து நிற்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

போர்க்காலத்தில் புதாபெஸ்டில் எங்கள் யூத ஜனங்களை அடைத்து வைத்த தெருக்களிலிருந்து அப்பா கொண்டுவந்த ஒரே பொருள் அது. அவருடைய அப்பாவின் சால்வை என்று சம்பந்தி வீடு வரைக்கும் பெருமையடித்திருந்தேன். அவர் ஆமென்றதும் இல்லை, இல்லையென்றதும் இல்லை. ஜெபக்கூடத்துக்கு வேறொன்றைத்தான் போர்த்திக்கொண்டு போவார். பத்திரப்படுத்துகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"உட்காருங்கப்பா, தரை தேஞ்சிடப் போகுது."

"ஏன் ஈபோயா, ஊர்ல வேற வெள்ளைத் துணியே கிடைக்கலையா உங்களுக்கு?"

"துணி கிடைக்கும். உங்க அப்பா கிடைப்பாரா?"

அவர் கோட்டை மாட்டினார், கழற்றினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அலமாரியிலிருந்த தலையணை உறைக்குள் கையை விட்டுச் சால்வையை உருவி மேசையில் விரித்தேன். நோயேமி மூலைகளை நீவிவிட்டாள்.

"தாத்தா, மூணு குஞ்சம்தான் இருக்கு. நாலாவது எங்க?"

நாலாவது அறுந்து போயிருக்கவில்லை. கத்தரியால் நறுக்கியிருந்தது. இறந்தவருக்குச் சால்வை போர்த்தும்போதுதான் எங்களில் ஒரு குஞ்சத்தை அப்படி நறுக்குவார்கள்; அதன்பிறகு அது பிரார்த்தனைக்கு ஆகாது.

அப்பாவின் நடை நின்றது. "எங்க அப்பாவோடது இல்லம்மா. ஜனவரி மாசம். மண்ணு உறைஞ்சு கிடந்துச்சு, குழி தோண்ட முடியல. செத்தவங்களை முற்றத்துல வரிசையாப் போட்டிருந்தாங்க. எனக்குப் பதினாறு வயசு, உடம்புல ஒத்தைச் சட்டை. ஒருத்தர் மேல இருந்து இதை உருவிட்டு ஓடிட்டேன். பேரு தெரியாது. முகத்தைக்கூடப் பார்க்கல. அம்பது வருஷமா அவர் அந்தக் குளிர்லயே கிடக்கிறார்."

சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நோயேமி சால்வையை மடிக்கவில்லை. "பிரார்த்தனைக்குத்தானே ஆகாது, தாத்தா? பந்தலுக்கு ஆகுமில்ல?"

"செத்தவர் துணிடி அது!" என்றார் அப்பா.

"அவருக்கும் ஒரு பேத்தி கல்யாணம் வந்திருக்கணும்ல? என்னோடதுக்கு வரட்டும்."

அப்பா உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

மறுநாள் ஜெபக்கூட முற்றத்தில் நல்ல காற்று. மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று கம்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். குஞ்சமில்லாத மூலையின் கம்பை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. பாதிச் சடங்கில் காற்றில் அவர் கம்பு சாய்ந்தது.

"நான் பிடிச்சுக்கிறேன் ஐயா," என்றான் ஒருவன்.

"வேணாம்பா," என்றார் அப்பா. "இவரை ஒரு தடவை விட்டுட்டு ஓடியிருக்கேன்."