பவளத்துக்காகத் திறந்த ஜன்னல்

அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கூடத்து மூலையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெப்பமானி. அது என்ன எண் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போவார்கள். இருபத்தாறு, இருபத்தேழு என்றால் நல்ல நாள்.

தொட்டிக்குச் சொந்தக்காரி, தெருக்கோடியில் சலவைக்கடை நடத்துபவள். ஆறு வருடங்களுக்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பவளத் துண்டை வாங்கிவந்து கல்லில் ஒட்டினாள். இன்று அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஊதாக் கிளைகளை விரித்து, நுனிக்கு நுனி பச்சை தெளித்துக்கொண்டு நின்றது. மற்றவர்கள் கடையில் பிள்ளைகளின் படத்தை மாட்டுவார்கள். அவள் பவளத்தின் படத்தை மாட்டியிருந்தாள். "இது என்ன செடிம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவர்கள் துணி மடித்து முடியும்வரை விடமாட்டாள்.

"செடி இல்லைங்க, உயிருள்ள பிராணி. குண்டூசித் தலை அளவுல ஆயிரக்கணக்கான வாய் இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பாசியைக் குடி வச்சிருக்கு. பாசி வெளிச்சத்தை வச்சுச் சமைச்சுப் போடும், பவளம் சாப்பிடும். நிறமும் பெரும்பாலும் பாசி கொடுக்கறதுதான். தண்ணி ரொம்பச் சூடாச்சுன்னா ரெண்டுக்கும் சண்டை. பவளம் பாசியை வெளியே துரத்திடும். அப்புறம் வெள்ளை வெளேர்னு எலும்பு மாதிரி நிக்கும். பட்டினி."

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அந்தத் திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர் நின்றுவிட்டார். நகரத்துப் பெரிய மீன் காட்சியகத்தில் பவளங்களைப் பராமரிக்கும் அம்மாள் அவர். சீருடை வெளுக்கக் கொண்டுவந்தவர், சீருடையை மறந்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இதே இனம் எங்ககிட்ட ஒண்ணு இருந்து, பம்ப் நின்னுபோய்ச் செத்துடுச்சு. சனிக்கிழமை காலையில வந்து ரெண்டு கிளை வெட்டிக்கட்டுமா? எங்க பெரிய தொட்டியில வளர்ப்போம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வருடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் பார்க்கிற தொட்டி அது!

"ஆனா ஒண்ணும்மா," என்றார் காட்சியகத்து அம்மாள். "வெளுக்க ஆரம்பிச்சிருந்தா நான் கை வைக்க மாட்டேன். வெட்டினா தாங்காது, வெட்டின கிளை, தாய்ப் பவளம் ரெண்டும் போயிடும்."

"என் பவளமா? வெளுக்கறதா? வெளுக்கறது என் தொழில்ங்க, அதோட தொழில் இல்ல" என்று சிரித்தாள் சலவைக்கடைக்காரி.

செவ்வாய்க்கிழமை காலையில் வெப்பமானி இருபத்தெட்டரை காட்டியது. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒரு முக்கு முக்கிவிட்டு மூச்சை நிறுத்தியிருந்தது.

அவள் கணவன் ஏசி மெக்கானிக். அவன் அப்பாவும் அதே தொழில். பரம்பரையாகக் குளிர்ச்சி விற்கும் குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் சில்லர் நிற்கலாமா? ஆனால் அது நின்ற நேரம் அப்படி. ஊரே நாற்பதைத் தாண்டிக் கொதித்ததில், இரண்டு வாரமாக அவன் சாப்பிட மட்டும்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். போன வாரம் ஒரு பிரசவ விடுதியின் ஏசிக்கு மோட்டார் கிடைக்காமல் போகவே, தன் வீட்டு ஏசி மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்திருந்தான். அதற்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, உள்ளூரப் பெருமைதான்.

சில்லரைத் திறந்து பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். "கம்ப்ரஸர் போச்சு. புதுசு திங்கட்கிழமைதான் வரும்."

"சனிக்கிழமை அவங்க வராங்களேங்க!"

"ஃபேனைப் போட்டு ஓட்டு. முடிஞ்சவரைக்கும் பாப்போம்."

முடிஞ்சவரைக்கும் என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. தொட்டியின் மூடியை எடுத்தாள். மேசை விசிறியை உயரமான ஸ்டூலில் ஏற்றி, காற்று தண்ணீரின் மேல்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்து வைத்தாள். விசிறி குளிர்ந்த காற்றைத் தருவதில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி விரட்டுகிறது. ஆவியாகிற ஒவ்வொரு துளியும் போகும்போது தொட்டியின் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்றால் நடுங்குவது இதனால்தான்.

ஏசி இல்லாததால் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. சாயங்காலத்துக்குள் தண்ணீர் இருபத்தேழுக்கு இறங்கிவிட்டது. ஆவியான அளவுக்கு, கண்ணாடியில் போட்டிருந்த கோடு வரைக்கும் வாளியிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினாள். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் பவளம் ஊறுகாய் ஆகிவிடும். அன்றைக்குப் பத்து லிட்டர் பிடித்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கோமாளி மீன் இரண்டும் அவளைப் பார்த்து வாலை ஆட்டின.

புதன்கிழமை நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் அக்கா, அதே கட்டடத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு அவளுடையது. கூரைச் சூடு தாங்காமல் தம்பி வீட்டு ஏசியை நம்பி ஒரு தலையணையோடு இறங்கி வந்தவள், ஏசியின் வயிறு காலியாக இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர் முழுக்கக் குளிர வச்சிட்டு, சொந்த வீட்டை அடுப்பாக்கி வச்சிருக்கானே என் தம்பி! சரி, ஜன்னலை ஏன்டீ தொறந்து போட்டிருக்க? எங்கப்பா பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு."

அந்தக் குடும்பத்தில் ஜன்னலைத் திறப்பது கிட்டத்தட்டக் குற்றம். நாத்தனார் எழுந்து ஒவ்வொன்றாகச் சாத்தினாள். இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள். திரையை இழுத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் கூடம் டப்பாவுக்குள் அடைத்ததுபோல் ஆனது.

சலவைக்கடைக்காரியும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். ஒரு மருத்துவமனை முப்பது திரைச்சீலைகளை வெளுக்கக் கொடுத்திருந்தது. வெயிலில் போட்டால் சாயம் மங்கும். கடையில் இடமில்லை. சரி, ஈரத்துணி தொங்கினால் கூடமும் குளிரும் என்று நினைத்து, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி முப்பதையும் தொங்கவிட்டாள்.

கூடம் குளிர்ந்தது! வெளியே நாற்பத்தொன்று, உள்ளே முப்பத்திமூன்று. நாத்தனார் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்தாள். "நம்ம ரெண்டு பேர் மூளையும் சேர்ந்தா ஏசியே வேண்டாம்டீ."

தொட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி இருபத்தேழே முக்கால். வியாழக்கிழமை காலையில் இருபத்தெட்டரை. மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தவள் வெப்பமானியைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்க மறந்தாள். இருபத்தொன்பது புள்ளி மூன்று. பவளத்தின் குட்டி வாய்கள் எல்லாம் உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தன. ஒரு கிளையின் நுனியில் பச்சை மங்கி, பால் கலந்ததுபோல் இருந்தது.

விசிறி ஓடுகிறது. அறை முந்தாநாளைவிடக் குளிர்ச்சி. தண்ணீர் மட்டும் ஏன் ஏறுகிறது?

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற ஐஸை அள்ளிப் போடேன்டீ" என்றாள் நாத்தனார்.

"ஒரு பாட்டிலை உறைய வச்சு மிதக்க விட்டா அரை மணி நேரம் இறங்கும் அண்ணி, திரும்ப ஏறும். இப்படி ஏறி இறங்கினா அதுக்கு இன்னும் கெடுதல். அந்த ஐஸை உறைய வைக்க ஃப்ரிட்ஜ் பின்பக்கமா வீட்டுக்குள்ளதானே சூட்டைக் கக்குது?"

"நல்லதையும் சொல்ல விடமாட்டா. சரி, ஒரு சந்தோஷமான விஷயம் சொல்றேன். நீ வாளி தூக்கறது குறைஞ்சிருச்சு. நீ சொன்ன கோடு வரைக்கும் நான்தான் ஊத்தினேன். நேத்துலேருந்து நாலு லிட்டர்கூடப் பிடிக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நாலா?"

"நாலுதான். என்னடீ முழிக்கிற?"

செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பத்து லிட்டர் ஆவியாகியிருந்தது. அவள் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். பதினைந்து வருடமாக அந்த விரல்களுக்கு ஒரே வேலை: துணி காய்ந்ததா, இல்லையா. முந்தின நாள் மத்தியானம் போட்ட துணி. இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

"அண்ணி, இது ஏன் காயல?"

"அறையில ஈரம் நிறைஞ்சு கிடக்கு, எப்படிக் காயும்? இதுகூடத் தெரியாமத்தான் சலவைக்கடை வச்சிருக்கியா?"

சொல்லி முடிக்கும் முன்னால் சலவைக்கடைக்காரி தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள். ஆறு வருடமாகப் பவளம் வளர்க்கிறவளும் அவள்தான், பதினைந்து வருடமாகத் துணி காயவைக்கிறவளும் அவள்தான். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை! துணி காய்வதும் தொட்டி குளிர்வதும் ஒரே வேலை. தண்ணீர் காற்றில் போய் ஏற வேண்டும். பேருந்தில் இடம் இருந்தால்தானே ஏற முடியும்? முப்பது ஈரத் திரைச்சீலைகள் முதலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. ஜன்னலையும் சாத்தியாயிற்று, இறங்க வழியில்லை. விசிறி பாவம், நிரம்பி வழியும் பேருந்தையே சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தது.

அவள் போய் முதல் ஜன்னலின் இடுக்கிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"அடியேய்! வெளியே நாப்பத்திரண்டு!"

"நாப்பத்திரண்டுதான் அண்ணி, ஆனா காஞ்ச காத்து. இந்த மாதிரிக் காத்துல துணி எப்படி மொடமொடன்னு காயும்னு எனக்குத் தெரியும்."

"சூட்டை உள்ளே விட்டுத் தண்ணியைக் குளிர வைக்கப் போறாளாம்! வெளியில சொல்லிடாத, என் தம்பி கடையை மூட வேண்டியதுதான்."

அவள் ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்தாள். அனல் காற்று முகத்தில் அறைந்தது. திரைச்சீலைகளை வாரிக்கொண்டு போய் மாடிப்படி நிழலில் கட்டினாள். தொட்டிக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் இன்னொரு விசிறியை வைத்து, ஈரக் காற்றை வெளியே தள்ளவிட்டாள். காற்றின் சூடு கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் போகக் கூடாதே! கணவன் ஏசி பெட்டிகளிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்திருந்த தெர்மாகோல் பலகைகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. எதற்கும் ஆகாத குப்பை என்று அவள் ஆயிரம் தடவை திட்டியவை. அவற்றை அளந்து வெட்டித் தொட்டியின் நாலு பக்கமும் ஒட்டினாள். பக்கங்களில் சூடு நுழையாது. மேலே மட்டும் காற்று விளையாடும்.

கடையைப் பார்த்துக்கொள்ளும்படி உதவியாளுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வெப்பமானியைப் பார்த்தபடி நின்றாள்.

அரை மணி நேரம் கழித்து இருபத்தொன்பது புள்ளி நான்கு.

"ஏறுது பாரு" என்றாள் நாத்தனார், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. வேர்வை அவளுக்கு ஆறாக ஓடியது. ஆனாலும் மேலே தன் வீட்டுக்கும் போகவில்லை. என்ன ஆகிறது என்று பார்க்காமல் போக மனசு வரவில்லை போலிருக்கிறது.

இருபத்தொன்பது புள்ளி நான்கு. நான்கு. மூன்று. சலவைக்கடைக்காரி மாடிப்படியிலிருந்து ஒரு திரைச்சீலையை எடுத்துவந்து நாத்தனாரின் மடியில் போட்டாள். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. நாத்தனார் அதைத் தடவிப் பார்த்தாள். இருபத்தொன்பது. இருபத்தெட்டு புள்ளி ஆறு.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் வந்தான். வாசலிலேயே அலறினான். "ஜன்னல்! யாரு ஜன்னலைத் தொறந்தது?"

"உன் பொண்டாட்டிதான்," என்றாள் அக்கா. "கத்தாம உள்ளே போய் நம்பரைப் பாரு."

இருபத்தேழு புள்ளி எட்டு. அவன் நம்பாமல் கையை விட்டுப் பார்த்தான். கருவிப் பையிலிருந்து தன் வெப்பமானியை எடுத்தும் போட்டுப் பார்த்தான். அதுவும் அதையேதான் சொன்னது. அவள் விளக்கிச் சொன்னாள், விரலில் திரைச்சீலையைத் தேய்த்துக் காட்டியபடி. கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"பெரிய கட்டடத்து மாடியில எல்லாம் கூலிங் டவர் இருக்குமே, அதே கணக்கு! தண்ணியைச் சொட்ட விட்டுக் காத்தை இழுத்து... வாரத்துக்கு ரெண்டு தடவை அதுக்குள்ள இறங்கிக் கழுவறேன். எனக்குத் தோணலையே!"

"உங்களுக்கு ஜன்னலைத் தொறந்து பழக்கமில்ல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். உடனே ஃபோனை எடுத்துத் தன்கூட வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு, "டேய், என் வீட்டுல ஒரு இஞ்சினியர் இருக்காங்கடா" என்று ஆரம்பித்தவன், சாப்பாடு ஆறும்வரை வைக்கவில்லை. அவள் கேட்காததுபோல் சமையலறையில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இருபத்தேழைச் சுற்றியே நின்றது. பதிமூன்று லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்தது. வாளியை அவள் தூக்குவதற்கு முன்னால் நாத்தனார் தூக்கினாள். சாயங்காலம் பவளத்தின் வாய்கள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன. மங்கிய நுனி மங்கலாகவே இருந்தது. ஆனால் அது பரவவில்லை.

சனிக்கிழமை காலையில் காட்சியகத்து அம்மாள் பெட்டியோடு வந்தார். ஒரு பக்கத் தெர்மாகோலை நகர்த்தி, விளக்கைப் பிடித்து, கிளைகிளையாகப் பார்த்தார். மங்கிய நுனியில் வெளிச்சம் நின்றது.

"இங்க கொஞ்சம் சூடு பட்டிருக்கு."

"ஒரு நாள் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் சலவைக்கடைக்காரி. "மறுநாளே கண்டுபிடிச்சுட்டேன்."

"இந்தப் பக்கம் தொட வேண்டாம். அந்தப் பக்கம் அருமையா இருக்கு." கத்தரிக்கோல் தண்ணீருக்குள் இறங்கியது. டக். இன்னொரு டக். இரண்டு ஊதாக் கிளைகள் பெட்டிக்குள் போயின. நிமிர்ந்தவர் சுற்றிலும் பார்த்தார். மூலையில் சில்லர் குடல் வெளியே தெரியக் கிடந்தது. "இந்த வெயில்ல சில்லர் இல்லாமயா வச்சிருந்தீங்க? எப்படிம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க," என்று நாத்தனார் ஈரத் துண்டைத் தலையில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "காத்து காய்ஞ்சிருக்கணும். தண்ணி ஏற இடம் வேணும் பாருங்க. பேருந்து மாதிரி."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினான். சலவைக்கடைக்காரி வாளியை எடுத்துத் தொட்டியின் கோடு வரைக்கும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். காட்சியகத்து அம்மாள் கண்ணில் விழுந்த வெயிலை மறைக்க ஜன்னல் கதவில் கை வைத்தார்.

"ஐயோ, மூடிடாதீங்க!" என்று பதறிப்போய் ஓடினாள் நாத்தனார். "எங்க பவளம் இருக்கு!"