பால் கெடாத வட்டம்

எண்ணெய்க்காரி இறந்த வாரத்திலிருந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் எதுவும் கெடவில்லை. வீடு முழுவதும் அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையில் அவள் உட்காரும் இடத்தைச் சுற்றி, கை நீட்டினால் எட்டும் தூரம் வரைதான். அதற்குள் வைத்த பால் வாரக்கணக்கில் பாலாகவே இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி வைத்த ரொட்டி வழக்கம்போல் பச்சையாகப் பூஞ்சை பூத்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் எண்ணெய்க்காரி. தட்டில் கிருமிகளை வளர்த்து, நடுவில் தாவர எண்ணெயில் தோய்த்த காகித வில்லையை வைப்பாள். எண்ணெயில் வீரியம் இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாத தெளிந்த வட்டம் விழும். அதை அளப்பது அவள் வேலை. பக்கத்து அறையில் வேலை பார்த்தவன் அதே எண்ணெய்களை இயந்திரத்தில் ஏற்றி, உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்ப்பான். கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் மலை உச்சிபோல் கோடு ஏறி இறங்கும் ஒரு சிகரம் வரையும். "உங்க மெஷின் பேரைத்தான் சொல்லும். குணத்தை என் கிருமிங்கதான் சொல்லும்" என்று சீண்டுவாள். "அப்ப என் குணம்?" என்று ஒருநாள் கேட்டான். "அதுக்குக் கல்யாணம் பண்ணித்தான் பாக்கணும்" என்றாள். பண்ணிப் பார்த்தார்கள். மாலையில் அவள் விரல்களை முகர்ந்து, இன்று லவங்கப்பட்டையா எலுமிச்சைப்புல்லா என்று அவன் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்ன நாட்களிலும் சரி என்றே தலையாட்டியிருக்கிறாள்.

அவளுடைய கடைசித் தட்டில், ஒப்பிடுவதற்காக வைத்த வெறும் வில்லையைச் சுற்றித்தான் பெரிய வட்டம் விழுந்திருந்தது. எண்ணெயே தொடாத வில்லை அது. கை பட்டிருக்கும் என்று சொல்லித் தட்டைக் கழுவிவிட்டார்கள். கை பட்டதென்னவோ உண்மை.

அவன் அழவில்லை. நாற்காலியருகே காற்றைக் குப்பியில் பிடித்து இயந்திரத்தில் ஏற்றினான். தெரிந்த சிகரங்கள் எல்லாம் வந்தன. கடைசிச் சிகரத்துக்கு மட்டும் இயந்திரத்திடம் பேர் இல்லை. மணக்கிற எதுவும் ஆவியாகிப் போய்க்கொண்டிருப்பதால்தான் மணக்கிறது என்பது அவன் படித்த படிப்பு. அதனால் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். மின்விசிறியைப் போடுவதையும் விட்டான்.

துணைக்கு வந்த மாமியார் பாலுக்கு உறை ஊற்றி மேசையில் வைத்தார். உறையவில்லை. மறுநாளும் இல்லை.

"நான் ஊத்துனா தண்ணிகூட உறையும், மாப்பிள்ளை. உங்க வீட்டுப் பாலுக்கு என்ன அவ்வளவு திமிரு?"

அவன் வட்டத்தைப் பற்றிச் சொன்னான். மாமியார் நாற்காலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தப்பவும் என் தயிரு புளிக்குதுன்னுதான் மூஞ்சிய சுளிப்பா. போயும் விடுறாளா பாருங்க."

கோடை வந்தது. அடைத்த வீட்டில் மாமியாருக்கு மூச்சு முட்டியது. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் டேப்பை உரித்து எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். அவன் திரும்பியபோது திரைச்சீலைகள் பறந்துகொண்டிருந்தன.

"என்ன அத்தை பண்ணிட்டீங்க! அவ்வளவும் போயிருக்குமே!"

"போறவளுக்குச் சாவித் துவாரம் போதாதா, மாப்பிள்ளை? இருக்கிறவளுக்கு எதுக்கு டேப்பு?"

அவன் வட்டத்துக்கு உள்ளும் வெளியும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தான். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. வெளித் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. உள்ளிருந்தவை வெள்ளை வெளேரென்று கிடந்தன. எல்லை ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அன்று அவன் மின்விசிறியைப் போட்டு, அதனடியில் உட்கார்ந்து அழுதான். மாமியார் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு மாமியார் மேசைமேல் சாக்பீஸால் கோடு போட்டார். வருஷங்களாகப் பால் கோட்டுக்கு உள்ளே, தயிர் கோட்டுக்கு வெளியே. அழியும்போதெல்லாம் புதுக்கோடு போடுவார்கள். வந்தவர்கள் கேட்டால், "அது எம் பொண்ணு இடம், தள்ளி உக்காருங்க" என்பார் மாமியார்; அவர்களும் தள்ளி உட்காருவார்கள்.

ஒருநாள் அவன் சாப்பிடும்போது முகத்தைச் சுளித்தான்.

"புளிக்குது, அத்தை."

"அவ நாக்கு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

மறுநாள் மாமியார் தயிர்ப் பாத்திரத்தின் விளிம்பு கோட்டுக்குள் ஒரு விரற்கடை போகும்படி தள்ளி வைத்தார். அன்று தயிர் பதமாக இருந்தது.