பெயர் மாறிய புதன்கிழமை

"மேடம், உங்க புதுப் பொட்டி வந்ததுலேருந்து எங்க ஆளுங்க சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாங்க."

'எங்க ஆளுங்க' என்று நிமாக்கோ சொன்னது குளிர் அறையில் படுத்திருந்தவர்களை. கானா நாட்டின் குமாசியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பிணவறை அவர் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்புவார். எழுந்திரு, உடம்பு துடைக்கணும் என்பார். கொஞ்சம் புரண்டு படு தாயி என்று கெஞ்சுவார். பேசாமல் தொட்டால் பிணம் கல்லாய்க் கனக்கும் என்பது அவர் கட்சி. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற செர்வாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அவரிடம் வாயைக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஜனவரியில் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாப் பதிவுகளையும் மாற்றி வைத்தவள் அவள்தான்.

"என்ன பண்றாங்க மாமா? எந்திரிச்சு ஓடுறாங்களா?"

"ஓடினாக்கூடத் தேவலையே. பேரு மாறிப் போச்சு. டிசம்பர் பூரா அஃபுவான்னு கூப்பிட்ட பொண்ணுக்கு இப்ப சீட்டுல அஜோவான்னு வருது. சீட்டுல இருக்கிறதைத்தான் கூப்பிடணும்னு மேல இருந்து உத்தரவு. கூப்பிட்டா அசைய மாட்டேங்குது. ஒத்தையா திருப்பிப் போட்ட உடம்புக்கு இப்ப மூணு பேர் வேண்டியிருக்கு. காலைல நகராட்சி வண்டியில ஏத்துறதுக்குள்ள என் முதுகே போச்சு."

குமாசி இருக்கிற அஷாந்தி மண்ணில் பிள்ளை பிறந்தால் முதல் பெயரைக் கிழமைதான் வைக்கும். வெள்ளியில் வந்தவள் அஃபுவா, திங்களில் வந்தவள் அஜோவா. பேர் ஊர் தெரியாமல் பிணவறைக்கு வந்து சேர்கிறவர்களுக்கும் நிமாக்கோ அதே கணக்கைத்தான் வைத்திருந்தார். உள்ளே வந்த கிழமை எதுவோ அதுதான் பெயர். பெயரில்லாமல் ஒரு மனுஷியைப் படுக்க வைப்பீர்களா என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, அந்த ஏற்பாட்டை ஆஸ்பத்திரி மென்பொருளிலேயே ஏற்ற வைத்துவிட்டார். வந்த தேதியைத் தட்டினால் போதும், கிழமையைக் கண்டுபிடித்துப் பெயரையும் அதுவே அச்சடித்துவிடும்.

"இன்னொண்ணு கேளுங்க," என்றார் நிமாக்கோ, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டே. "ஆகஸ்ட் மாசம் வரப்போற ஆளு ஒருத்தன் ரெண்டாவது வரிசையில இப்பவே படுத்திருக்கான். வந்து ஒரு எட்டு பாக்குறீங்களா?"

"வேணாம் மாமா. நான் இங்கேயே பாத்துக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரிப் புழுதி ஜன்னல் கண்ணாடியில் மாவாகப் படிந்திருந்தது. செர்வா திரையில் பதிவுகளைத் திறந்தாள். நிமாக்கோ சொன்னது உண்மைதான். வந்து சேர்ந்த நாள், ஆகஸ்ட் ஒன்று. இன்னும் வராத நாள். அதற்குக் கீழே ஜூலை, அதற்கும் கீழே நவம்பர். வருகிற மழைக்காலம் முழுவதும் சாகப்போகிறவர்கள் இப்போதே பெயர் பதித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருந்தது. வேலையை வேலையாகப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தாள், சரியாக ஓடியது. ஜனவரிக் கடைசியில் வந்தவர்களைப் பார்த்தாள், அத்தனை பேருக்கும் தேதி சரி. மாற்றி வைத்த வாரத்தில் அவள் சோதித்துப் பார்த்ததும் அந்த மாதிரித் தேதிகளைத்தான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தெருமுனையில் வாச்சே சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

பிறகு பிடிபட்டது. பிடிபட்டதும் வெட்கமாக இருந்தது. விண்டோஸில் ஓடிய பழைய சர்வர் தேதியை நம் வழக்கப்படி நாள் முதலில், மாதம் பிறகு என்று எழுதி வைத்திருந்தது. புதியது லினக்ஸ். அதை நிறுவும்போது எந்த நாட்டு வழக்கம் என்று கேட்ட இடத்தில் அவள் ஒன்றையும் மாற்றாமல் அவசரத்தில் அடுத்ததைத் தட்டிவிட்டாள். அது அமெரிக்க வழக்கத்தை எடுத்துக்கொண்டது, மாதம் முதலில், நாள் பிறகு. ஒரு மாதத்தின் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆபத்தில்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் மென்பொருள் தானாகவே திருப்பிப் போட்டுச் சரியாகப் படித்துவிட்டது. பன்னிரண்டாம் தேதிக்குள் வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஜனவரி எட்டு ஆகஸ்ட் ஒன்றாகிவிட்டது. டிசம்பர் ஐந்து மே பன்னிரண்டாகிவிட்டது. மொத்தமாகக் குழம்பியிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். இது பாதி நல்ல பிள்ளை, பாதி பிசாசு.

டிசம்பர் ஐந்து வெள்ளிக்கிழமை. மே பன்னிரண்டு திங்கட்கிழமை. அஃபுவா அஜோவாவானது இப்படித்தான். சரி செய்துவிடலாம் என்று விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். யாரும் தேடி வராமல் மூன்று மாதம் தாண்டிய உடல்களைத்தான் நகராட்சி வண்டி பொதுக்குழிக்கு எடுத்துப்போகும். யாரை அனுப்புவது என்று சொல்வதும் இதே மென்பொருள்தான். டிசம்பரில் வந்தவள் மே மாதத்திலிருந்து கிடக்கிறாள் என்று அது நினைத்திருந்தால்?

வண்டி காலையிலேயே போய்விட்டது.

வெளியே வரவேற்பு மேஜையில் குரல்கள் உயர்ந்தன.

"அக்கா, எத்தனை வாட்டி சொல்றது? டிசம்பர்ல வந்த பொம்பளைங்கள்ல நீங்க சொல்ற ஆளு யாரும் இல்ல," என்று மேஜைக்காரி ஃபெலிசியா சலித்துக்கொண்டாள். "பிணவறையில தேடுறதை விட்டுட்டு எவனாவது ஒரு ஆம்பளை வீட்டுல தேடிப் பாருங்க. சூப் வெச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கப் போறா."

"வெளியூர்லேருந்து வந்தவளைக் கிண்டல் பண்ணாத தங்கச்சி. அவ இங்கதான் இருக்கா."

"எப்படிக்கா தெரியும்?"

"காதுல கேக்குது."

ஃபெலிசியா, சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்த செர்வாவைப் பார்த்துக் கண்ணடித்து, நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். செர்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள். உட்கார மாட்டேன் என்றாள் அவள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். டெச்சிமான் என்ற ஊரில் தக்காளி வியாபாரம். பெயர் பனின், இரட்டையரில் மூத்தவள். இளையவள் காக்ரா டிசம்பரில் குமாசிக்குச் சரக்கோடு வந்தவள் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

"கொஞ்ச நாள் கழிச்சு, காலைல தக்காளி பொறுக்கிட்டு இருக்கேன். காதுக்குப் பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல். 'எழுந்திரு அஃபுவா, உடம்பு துடைக்கணும்'னுச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. எனக்கு அந்தப் பேரே கிடையாது, தங்கச்சிக்கும் கிடையாது. நாங்க செவ்வாய்க்கிழமைப் பிள்ளைங்க. தினமும் அதே குரல், அதே பேச்சு. பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம்கூடப் பண்ணிப் பாத்தேன். ஜனவரியில என்னன்னா, பேரு மாறிடுச்சு. அஜோவா, அஜோவான்னு கூப்பிட ஆரம்பிச்சுது."

எந்த இயந்திரம் கெட்டாலும் செர்வா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதையே இப்போதும் கேட்டாள்.

"என்னைக்கு மாறிச்சு?"

"புதன்கிழமை. எங்க ஊரு சந்தை கூடுற அன்னிக்கு. பதினாலாம் தேதி."

பழைய சர்வரை அணைத்துப் புதியதை ஓடவிட்டது அந்தப் புதன்கிழமை விடியலில். இது ஆஸ்பத்திரியிலேயே நாலைந்து பேருக்குத்தான் தெரியும். செர்வாவுக்குப் பயமாக இருந்தது. சிறு வயதில் இருட்டைக் கண்டு பயந்தாளே, அந்தப் பயம்.

"இன்னிக்கும் கேட்டுச்சா?"

"இன்னிக்கு வேற மாதிரி. 'வண்டி வந்துடுச்சு அஜோவா, வம்பு பண்ணாம வா போலாம்'னு கோவமா சொல்லுச்சு. அதான் கெடைச்ச ட்ரோட்ரோ வேன்ல ஏறி ஓடியாந்தேன். எந்த வண்டிம்மா? அவளை எங்க கொண்டு போறாங்க?"

பின்கதவு திறந்தது. நிமாக்கோ காலி வாளியோடு உள்ளே வந்து, பனினின் முகத்தைப் பார்த்தார். வாளி தரையில் விழுந்து உருண்டது.

"நீயா?" என்றார். "உன்னைக் காலைலதானே தாயி ஏத்தி அனுப்புனேன்."

ஃபெலிசியா எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

இடுகாட்டுக்கு ஆஸ்பத்திரி வண்டியை நிமாக்கோ ஓட்டினார். முன் இருக்கையில் பனின் நடுவில், செர்வா ஓரத்தில். கெஜேட்டியா சந்தைப் பக்கத்து நெரிசலில் மாட்டி, ஹாரனை அடித்து அடித்து அவர் கை சிவந்துவிட்டது. தங்கையை மண் போட்டு மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இது ஒன்றுதான் பனினுக்கு. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அது வரவே மாட்டேன்னுச்சு," என்று நிமாக்கோ யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு. பிடிச்சு இழுத்தேன். திட்டிட்டேன் வேற."

பனின் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள். ஊரில் கிளம்பியதிலிருந்தே தேய்க்கிறாள் போலிருந்தது, தோல் கன்றியிருந்தது.

இடுகாட்டில் நீளமான ஒரே குழி. அடி வரிசையை மண் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். அதன் மேல் இரண்டாவது வரிசை, எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் துணிச் சுருட்டுகள். சீட்டுகளை வாசலிலேயே கழற்றி எண்ணிக்கைக்காக ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவது நகராட்சி வழக்கம். ஓட்டுநர் எப்போதோ போய்விட்டான்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்க விட மாட்டேன்," என்றார் சுகாதார மேற்பார்வையாளர். "இன்னதுன்னு நிச்சயமா சொல்லுங்க, ஒண்ணை மட்டும் பிரிக்கலாம். கீழ் வரிசைன்னா அது முடிஞ்ச கதை. தோண்ட மாட்டோம்."

பனின் அவர் காலில் விழப் போனாள். செர்வா அவளைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே செய்தி போகிறதா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு முனையிலிருந்து அனுப்ப வேண்டும், மறுமுனையில் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஒரு வழி என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. சொன்னாள்.

பனினை இடுகாட்டு வாசலுக்கு, லாரிகள் இரைகிற சாலை ஓரத்துக்குக் கூட்டிப்போய், குழிக்கு முதுகு காட்டி நிறுத்தினாள். கேட்டால் கையைத் தூக்கு என்றாள். நிமாக்கோ குழிக்குள் இறங்கினார். முதல் சுருட்டின் தலைமாட்டில் மண்டியிட்டு, துணியோடு வாயை வைத்து எதையோ முணுமுணுத்தார். பத்தடி தள்ளி நின்ற மண்வெட்டிக்காரர்களுக்கே அது கேட்கவில்லை.

பனின் அசையவில்லை.

அவர் அடுத்ததற்குப் போனார். பிறகு அதற்கடுத்தது. புழுதியில் வெயில் மங்கிப்போய், அவர் ஒரு நிழலாக நகர்ந்துகொண்டிருந்தார். செர்வா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசை குறையக் குறைய, நான் செய்த தப்பு, என் அவசரம் என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசிச் சுருட்டும் முடிந்தது. பனினின் கைகள் தொங்கியபடியே இருந்தன.

நிமாக்கோ எழுந்து நின்று, செர்வாவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் என்ன தோன்றியதோ, சுருட்டுகளுக்கு இடையே தெரிந்த புது மண்ணில் குப்புறப் படுத்து, உதட்டை மண்ணில் வைத்தார்.

பனின் கையைத் தூக்கினாள்.

மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். தோண்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை, தோண்டாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மண்வெட்டிக்காரர்கள் தாங்களாகவே இறங்கினார்கள். வெட்டுப் பட்டுவிடக் கூடாதென்று மண்வெட்டியை வீசிவிட்டுக் கையாலேயே மண்ணை வாரினார்கள். துணி தெரிந்ததும் நிமாக்கோ எல்லோரையும் விலகச் சொன்னார். ஒற்றை ஆளாகக் குனிந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, மேலே கொண்டுவந்து புல்லில் கிடத்தினார்.

முகத்துத் துணியை விலக்கியதும் செர்வா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரே முகம் புல்லில் கிடந்தது, அதே முகம் அதன் மேல் குனிந்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இவ பேரு என்ன தாயி?" என்று நிமாக்கோ கேட்டார்.

"காக்ரா."

அவர் இறந்தவளின் காதருகே குனிந்தார். பனின் அவர் தோளை உரசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். "காக்ரா, இத்தனை நாளா தப்பா கூப்பிட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத. உங்க அக்கா வந்திருக்கா, வீட்டுக்குப் போ," என்று மெல்லச் சொன்னார். பெரிய பாரம் இறங்கியவரைப் போல நிமிர்ந்தார்.

பனின் அவரையே பார்த்தாள்.

"இப்ப ஏதாவது சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேனே தாயி. அவ பேரைச் சொல்லி, போகச் சொன்னேன்."

"உங்க வாய் அசைஞ்சுது. எனக்கு எதுவும் கேக்கலையே." அவள் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "இனிமே காலைல கூப்பிட மாட்டீங்களா?"

நிமாக்கோ பதில் தேடி செர்வாவைப் பார்த்தார். தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம், சரிசெய்துவிட்டோம் என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் மூச்சு விட்டிருந்தாள்.

"அஃபுவான்னு இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே," என்று பனின் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல அஜோவான்னு சொல்லுங்க. தப்பான பேரா இருந்தாலும் பரவால்ல. ஒரே ஒரு வாட்டி."

நிமாக்கோ மறுபடி குனிந்து, இரண்டு பெயர்களையும் உரக்கவே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு வயதான ஆள் பேசுகிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டது, தினமும் காதோரம் கேட்ட அந்தக் குரலாக இல்லை. பனின் அப்போதுதான் அழுதாள்.