ரெண்டு பேரும் யாரைப் பாக்கறாங்க?

மாலை வகுப்பில் எடிட்டிங் படிக்கும் தங்கைக்கு, அக்காவின் கல்யாண வீடியோதான் முதல் வேலை. எதிரெதிரே இருப்பவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்திலிருந்து எடுத்த காட்சிகளைத்தான் ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் இருக்கும் என்பது விதி. அந்தக் கோட்டைப் பெரிய இயக்குநர்கள் வேண்டுமென்றே தாண்டுவார்கள் என்று வாத்தியார் சொன்னதிலிருந்து அவளுக்குக் கை துறுதுறுத்தது. அக்காவை இந்தப் பக்கக் கேமராவிலிருந்தும் அத்தானை எதிர்ப்பக்கக் கேமராவிலிருந்தும் எடுத்து ஒட்டினாள். சரிதானா, சரிதானா என்று விடிய விடியப் போட்டுப் பார்த்தாள்.

அத்தான் வீட்டில் படம் ஓடியது. மணமக்கள் இருவரும் வலது பக்கமே பார்த்துக் குழைந்தார்கள்.

“ரெண்டு பேரும் யாரைப் பாத்து இளிக்கிறாங்க?” என்றார் அத்தானின் அம்மா.

“இவரைத்தான் அத்தை,” என்றாள் அக்கா.

“என்னையா?” அத்தான் எழுந்துவிட்டார். “நான் எதிர்ல இருக்கேன், நீ ஜன்னலைப் பாக்கறே. அங்க யாரு?”

“நீங்களும் அதே ஜன்னலைத்தானே பாக்கறீங்க! அவ யாரு?”

நேரில் நடந்தது இருவருக்கும் மறந்தே போனது.

“அத்தான், அது ஒட்டு. கோட்டைத் தாண்டினதுதான் தப்பு,” என்றாள் தங்கை.

“கேட்டீங்களாம்மா? கோடு தாண்டினது இவளுக்கும் தெரிஞ்சிருக்கு!”

அன்றே அக்கா பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். “உன் படிப்புல இடி விழ!” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை காட்சிகளை விதிப்படி மாற்றி ஒட்டி அனுப்பினாள். “இப்ப மழுப்பறியா?” என்று அத்தான் போனில் சீறினார்.

ஆள் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். அப்படியானால் ஆளைக் காட்ட வேண்டியதுதான். மிச்சக் காட்சிகளையெல்லாம் துழாவினாள். ஓர் ஓரத்தில், மோவாயில் கேக் கிரீமோடு, அத்தானின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை இருவருக்கும் நடுவே செருகினாள்.

அக்காவையும் பெட்டியோடு கூட்டிப்போய், அத்தான் வீட்டில் மறுபடி படத்தை ஓட விட்டாள்.

“என்னையா பாத்தீங்க?” அத்தானின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த நேரத்துலயுமா?”

“பின்னே வேற யாரைம்மா?” என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

“நானும்தான் அத்தை,” என்றாள் அக்கா, அவரைவிட வேகமாக. பெட்டி உள்ளே போனது.

அடுத்த வாரம் தங்கை போனபோது, சோபாவின் வலது ஓரத்தில் மாமியார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் மகனையும் மருமகளையும் விட்டு நகர்வதே இல்லையாம்; பிள்ளைகள் ஏங்கிப் போய்விடுவார்களாம். அத்தானும் அக்காவும் வலது பக்கமே பார்த்துக் குழைந்துகொண்டிருந்தார்கள்.

நடுநடுவே அக்கா மட்டும் தலையைத் திருப்பி முறைத்தாள். அந்தப் பார்வை யாருக்கு என்பதில் தங்கைக்குச் சந்தேகமே இல்லை.