நர்சம்மா கைக்கு ஒரு மட்டை

எனக்கு வயது அறுபத்தெட்டு. சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, என் மனைவி ரோஸ்லின் என்னை அடிப்பாள். யாரும் பரிதாபப்பட வேண்டாம். முப்பத்தாறு வருடமாக நான் கேட்டு வாங்குகிற அடி அது.

தோட்டக்கலை அலுவலகத்து எழுத்தராக நான் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது அவள் இங்கே நர்ஸ். கல்யாணமான புதிதில், நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த ஆபீஸ் ரூல்தடியால் விளையாட்டாக ஒன்று போட்டாள். நான் சிரித்தேன். இன்னொன்று போட்டாள். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீ அணைந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. விதிகளெல்லாம் பிறகு வந்தன. முதுகில் கூடாது, தொடைக்குக் கீழே கூடாது, சதைப்பிடிப்பான அந்த ஒரே இடத்தில்தான். நான் ‘ஆடிட்’ என்று சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும். இத்தனை வருடத்தில் இரண்டே முறை சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு முறை ஜன்னல் வழியாக நிஜமாகவே ஆடிட்காரர்கள் வருவது தெரிந்தது.

அந்த ரூல்தடியைப் போன ஐப்பசியில் கரையான் தின்றுவிட்டது. இந்த மலைக் கரையானைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு முறை அது எங்கள் ஆபீஸ் மேஜையை முழுசாகத் தின்றது. மேலே இருந்த ஃபைல் மட்டும் மேஜை உயரத்திலேயே மூன்று நாள் நின்றது. கையெழுத்தாகாத ஃபைல். கீழே இறங்க அதற்கு உத்தரவு வரவில்லை.

புதிதாக ஒன்று வேண்டும் என்று போனில் தேடினோம். பெரியவர்கள் விளையாட்டுக்கென்றே மரமட்டை விற்கிறார்கள். ஏதோ வெளிநாட்டு மரம், தோல் சுற்றிய பிடி, மூவாயிரத்து நானூறு ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம் என்றாள் ரோஸ்லின். மலிவான மட்டையும் இருந்தது. அதை வாங்கிய ஒருவர், ‘இரண்டாம் அடியில் உடைந்தது, மனைவி தூங்கப் போய்விட்டாள்’ என்று கீழே எழுதியிருந்தார். மேலும், எங்கள் பக்கத்துப் பார்சல்களைச் சோளக்காடு ஊர்ச் சந்தையில் சுகுணாவின் பழக்கடையில்தான் இறக்கிவிட்டுப் போவார்கள். சுகுணா நல்லவள். பொருள் உடையாமல் வந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, சந்தைக்கு வந்த நாலு பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகுதான் நம்மிடம் கொடுப்பாள்.

வீட்டிலிருந்ததை வைத்துச் சமாளித்துப் பார்த்தோம். சப்பாத்திக் கட்டை கனம். பிளாஸ்டிக் முறம் சத்தம் போட்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. தோசைத் திருப்பியில் எண்ணெய் வாசம். பாதியில் எனக்குப் பசித்துவிட்டது.

அப்போதுதான் செங்கோடன் நினைவுக்கு வந்தார். இதே மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதிக்காரர். மிளகும் மரவள்ளியும் போட்டிருப்பவர். ஒழிந்த நேரத்தில் களைக்கொத்துக்கும் அரிவாளுக்கும் மரப்பிடி செதுக்கித் தருவார். அவரிடம் ஒரு பழக்கம். பிடிக்கப் போகிற கையைப் பார்க்காமல் மரத்தில் உளி வைக்க மாட்டார். ஒவ்வொரு விரலையும் நூல் சுற்றி அளப்பார், உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். அப்படிச் செய்த பிடி பத்து வருடமானாலும் கையைக் கொப்புளிக்க வைக்காது என்று மலை முழுக்கப் பேர்.

மட்டையைப் படம் போட்டுக் காட்டினேன். யார் பிடிக்கப் போவது என்று கேட்டார். நான்தான், மெத்தை தட்டுவதற்கு என்றேன். வேறென்ன சொல்ல முடியும். என் கையை அளந்தார். இருநூறு ரூபாய். ஒரே வாரத்தில் தந்தார். காய்ந்த பலா மரம், முழ நீளம், வழவழவென்று அழகான மட்டை.

ஆனால் பிடி என் கைக்குச் செய்தது. ரோஸ்லின் கை சின்னது. முதல் வீச்சிலேயே நழுவி, ஜன்னல் வழியாகப் பறந்து, அந்த நேரம் பார்த்துக் கிளம்பிய நாமக்கல் பஸ்ஸின் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் டிரைவர் டீ குடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி எழுபதும் ஏறிச் சாயங்காலம் சோளக்காடு வந்து சேர்ந்தது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். போனதற்கு மட்டும் கொடுத்தேன். திரும்பி வந்தது அதன் சொந்த விருப்பம் என்று வாதாடினேன்.

இனி நானே போய்க் கையைக் காட்டி வாங்கி வருகிறேன் என்றாள் ரோஸ்லின்.

போனாள். பதினோரு மணி பஸ்ஸில் போனவள் மூன்று மணிக்கு வந்தாள். இரண்டு நாள் கழித்து, மரம் பார்க்க வேண்டும் என்று போனாள். அடுத்த வாரம், செதுக்கியது கைக்கு உட்காருகிறதா என்று பார்க்கப் போனாள். கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அந்தச் சேலையை என் பணி ஓய்வு விழாவுக்குக்கூட அவள் எடுக்கவில்லை.

செங்கோடனைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். என்னைவிட ஆறு வயது இளையவர். மீசையில் ஒரு நரை இல்லை. இன்றைக்கும் மிளகு பறிக்க ஏணி இல்லாமல் சில்வர் ஓக் மரத்தில் ஏறுவார். முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். எனக்குப் பதினொன்று. என்ன பேசினீர்கள் என்று ரோஸ்லினிடம் கேட்டேன். மரத்தைப் பற்றி என்றாள். மூன்று நாள் பேச மரத்தில் என்ன இருக்கிறது? நான் முப்பது வருடம் மரக்கன்று ரெஜிஸ்டர் எழுதியவன். அரை மணி நேரத்துக்கு மேல் பேச மரத்தில் விஷயம் கிடையாது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றவே இல்லை. பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நான் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும், தயிராகிவிடும்.

நான்காவது முறை அவள் கிளம்பியபோது பின்னாலேயே வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். செங்கோடன் வீட்டுக்கு மேற்கே மிளகுத் தோட்டம். கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். களத்தில் ஒரு கட்டிலில் என் மனைவி. எதிரே முக்காலியில் அவர். அவளுடைய வலது கை அவருடைய மடியில் மல்லாந்து கிடந்தது. சுண்டு விரலுக்கு நூல் சுற்றிக்கொண்டே அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நூல் சுற்றுவது தொழில். மடியில் கை இருப்பதும் தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தாறு வருடத்தில் சனிக்கிழமை மதியம் தவிர வேறு எந்த நேரத்திலும் நான் அதைக் கேட்டதில்லை. அன்றைக்குப் புதன்கிழமை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமாக உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவள் எடுத்து அந்த மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டாள் என்று தோன்றியது.

“ஏனுங்க பூபாலன் சார், அந்த மரத்துல மொளகு பறிச்சாச்சுங்க.”

பக்கத்து மரத்தின் பின்னாலிருந்து குரல். செங்கோடனின் மனைவி அத்தாயி. களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண் களத்தில் இருந்தது.

இலையில் நோய் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.

“ரிட்டயர்டு ஆயி பத்து வருசங் கழிச்சுங்களா,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நானும் நாலு நடையாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறனுங்க. நர்சம்மா வர்ற அன்னிக்கு எம்பட ஊட்டுக்காரரு மீசைக்கு எண்ணெ போடறாருங்க.”

ஆக, அந்த மீசையின் கருப்புக்கு எண்ணெய்தான் காரணம் என்று எனக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்படி என்ன சாமான் அது என்று அவள் கேட்டாள். மெத்தை தட்டுகிற மட்டை என்றேன்.

“மெத்தைக்கு எதுக்குங்க ஓரத்தையெல்லாம் உருட்டி, மெழுகு போட்டுத் தேய்க்கறாரு? மெத்தைக்கு வலிக்குமுங்களா?”

பிடி செதுக்குகிறவரின் மனைவியிடம் பொய் சொல்வது சிரமம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தன் புருஷனையும் என் மனைவியையும் சேர்த்து இன்னும் என்னென்னவோ நினைப்பாள். நானும் நினைப்பேன். இரண்டு பேருமாக மழைக்காலம் முடியும்வரை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். அதனால் சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்ததால் ஆபீஸ் பாஷையில் சொன்னேன். பொருள் இன்னது, பயன்பாடு இன்னது, பயனாளி நான்.

அத்தாயி என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பின்புறத்தையும் எட்டிப் பார்த்தாள்.

“வலிக்காதுங்களா?”

“எவ்வளவு வலிக்கணும்னு அவளுக்குத் தெரியும்.”

அதற்கு அவள் சிரிக்கவில்லை. முகம் இன்னும் இறுகியது. மடியிலிருந்த களைக்கொத்தை என் பக்கம் நீட்டினாள். “இந்தப் புடி எங்க மாமியாருதுங்க. அவியளுக்குக் கை பெருசு. முப்பது வருசமா எங்கையில இது சுத்துது. கொல்லிமலையில இருக்கற கையெல்லாம் அளந்த மனுசன், எங்கையை ஒரு நாளும் அளந்ததில்லீங்க.”

சொல்லிவிட்டு எழுந்தாள். நான் தடுப்பதற்குள் களத்துக்குள் போய்விட்டாள். கட்டிலில் ரோஸ்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலில் இருந்த நூலைத் தானே கழற்றி, தன் கையைப் புருஷன் மடியில் வைத்தாள்.

“அவியளுக்கு அளந்தது போதுமுங்க. இங்க அளங்க.”

செங்கோடன் திகைத்துப் போய், உனக்கு எதுக்கு என்றார்.

“கொத்துக்குத்தான்,” என்றாள் அத்தாயி. கொஞ்சம் யோசித்து, “மொதல்ல கொத்துக்கு,” என்றாள்.

அவர் அளந்தார். கட்டை விரலில் நூலைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரோஸ்லினின் கைக்கு ஆனதைவிட நேரம் கூடுதலாகவே ஆயிற்று. மீசைக்குப் போட்ட எண்ணெயெல்லாம் வியர்வையில் இறங்கிவிட்டது.

ரோஸ்லின் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். நேராக என் மரத்தைப் பார்த்து, “வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள். தலையில் மிளகு இலையோடு நான் வெளியே வந்தேன். மட்டை ஏற்கெனவே தயாராகிப் பொட்டலத்தில் இருந்தது; பிறகு எதற்கு அளந்தாராம்? விலை நூற்றைம்பது. பிடி சின்னது, மரம் குறைவு என்றார் செங்கோடன். அந்த ஐம்பது ரூபாய்த் தள்ளுபடியும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், நடுவில் பொட்டலம். ரொம்ப தூரம் வந்த பிறகு, எதற்காக அப்படிச் சிரித்தாய் என்று கேட்டேன்.

“முதல் நாளே, எத அடிக்கப் போறீங்கன்னு கேட்டார். அதுக்குத் தகுந்த மாதிரி மரத்தோட கனத்தைக் குறைக்கணுமாம். எழுபத்திரண்டு கிலோன்னேன். சாமை மூட்டைங்களான்னார். மூட்டைதான், ஆனா பேசும்னேன். இன்னைக்கு, மூட்டை பேசுதான்னு கேட்டார், நிறுத்தவே மாட்டேங்குதுன்னேன்.”

“அவருக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்ச மாதிரி ஓரத்தை உருட்டினார். அதுக்கு மேல அவரும் கேட்கலை, நானும் சொல்லலை.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பத்து பதினைந்து மரவள்ளிக் காடு தாண்டிய பிறகு, அத்தாயியிடம் நான் எல்லாவற்றையும் ஆபீஸ் பாஷையில் விளக்கிவிட்ட சங்கதியைச் சொன்னேன்.

“ஆக, வெளியில சொன்னது நீங்க,” என்றாள் ரோஸ்லின். நடுவிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை. காபி குடித்து முடித்ததும் கதவைத் தாழிட்டு, பொட்டலத்தைப் பிரித்தாள். பிடி அவள் கைக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்தால் கையோடு முளைத்தது மாதிரி இருந்தது. யார் யார் மேல் எனக்குச் சந்தேகம் என்று கேட்டாள். ஆளுக்கு ஒன்று என்றாள்.

கண்டக்டர் என்றேன். போன மாதம் அவளுக்கு ஜன்னல் சீட் ஒதுக்கிக் கொடுத்தார். விழுந்தது. ரேஷன் கடைக்காரர் என்றேன். சர்க்கரை நிறுக்கும்போது அவளுக்கு மட்டும் தட்டு தாழ்கிறது. அதற்கும் விழுந்தது. மாற்றலாகிப் போய் இருபது வருடமான தாசில்தாரைச் சொன்னேன். அவளுடைய ஆஸ்பத்திரியில் முன்பிருந்த பெரிய டாக்டரைச் சொன்னேன்.

“அவருக்கு அப்பவே ரெண்டு கண்ணுலயும் புரை.”

“உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்படி ஆச்சு,” என்றேன்.

மட்டையை ஓங்கியபடியே அவள் நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்துத்தான் அடி விழுந்தது. நான் உற்சாகமாகிவிட்டேன். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எதிர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த மூன்று பேர் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில், குருத்தோலை ஞாயிறன்று அவளுக்கு ஓலை கொடுத்த, சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டேன். பதினாறு பேர் ஆனார்கள். செங்கோடன் பெயரை மட்டும் நான் எடுக்கவில்லை.

“அவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதான்.”

“நிஜமா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வலது கையிலிருந்த பிடியை ஒரு முறை தளர்த்தி, மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

பதினேழாவது விழுந்தது. அதுதான் உறைத்தது.