டாடி வாங்கிய அப்பாயின்ட்மென்ட்

டாக்டர் ஐரின் அடையாறில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறைப் பேராசிரியர். அவருடைய பாடம் மனிதப் பாலியல் கல்வி. அந்த வார்த்தையைச் சொன்னால் கட்டடம் இடிந்துவிடும் என்று பயந்த நிர்வாகம், கால அட்டவணையில் 'வாழ்வியல் விழிப்புணர்வு' என்று போட்டிருந்தது. ஐரின் அசரவில்லை. 'முதுமையில் நெருக்கம்' பற்றி அவர் வெளிநாட்டில் கட்டுரை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாதிப் பேர் காபிக்காக எழுந்தவர்கள் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை மாலை வெளியாட்களுக்கு ஆலோசனை. உதவியாளர் துரைராஜ் கதவைத் தள்ளினார்.

"மேடம், ஒரு பெரியவரு வந்துகிறாரு. பேரு அல்போன்ஸு. அச்சு அசலா உங்க டாடி மாதிரியே கீறாரு. கேட்டா, 'நான் கேஸு'ன்றாரு."

டாடியேதான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"என்னாச்சு டாடி? மம்மிக்கு ஏதாவது..."

"குட் ஈவினிங் மேடம்" என்றார் அவர். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

ஐரின் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஐரின் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உக்காருங்க சார். சொல்லுங்க."

"முட்டி ஆபரேஷனுக்கப்புறம் என் வொய்ஃப் மயிலாப்பூர்ல மக வீட்ல இருக்கா. நான் திருவான்மியூர்ல மகன் வீட்ல. பேரப் பசங்கள ஸ்கூல் வேன்ல ஏத்த ஆள் வேணும்ல? ரெண்டு வீட்லயும் ராஜ மரியாதை, குறையே இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில பாத்துக்குறோம்." நிறுத்தினார். "அது போதல மேடம்."

"எது போதல?"

"தூங்குறப்போ என் கால் மேல கால் போட்டுக்குவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். இப்போ என் கால் சும்மா கெடக்குது."

அம்மா இங்கே, அப்பா அங்கே என்று தம்பி ஃபிரெட்ரிக்குடன் போனில் பேசிப் பிரித்தவர் ஐரின்தான். 'முதுமையில் நெருக்கம்' எழுதிக்கொண்டிருந்த அதே வாரம்.

"உங்க மகள்ட்ட சொன்னீங்களா?"

"அவ பெரிய ப்ரொஃபசர் மேடம். அவகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காது?"

ஐரின் கண்ணாடியைக் கழற்றி, தேவைக்கு மேல் துடைத்தார். பிறகு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் கேள்வியைக் கேட்டார்.

"இதுல அவங்களுக்குச் சம்மதமா? கேட்டீங்களா?"

டாடியின் முகம் வாடியது. "கேக்கலயே."

ஐரின் மம்மிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார். "மம்மி, டாடி உங்ககூட வந்து இருக்கணும்ங்கிறார். உங்களுக்கு இஷ்டமா? வேணாம்னாலும் தாராளமா சொல்லலாம்."

டாடி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோ பெரிய கட்டில்ல நான் ஏன்டி ஓரமா படுக்குறேன்? இதைக் கேக்கவா இவ்ளோ படிச்ச?" என்றார் மம்மி. "வரச் சொல்லு. கால் நகத்த வெட்டிட்டு வரணும். பிறாண்டி எடுத்துடுவாரு மனுஷன்."

டாடி காது வரை சிவந்தார். "ஸ்பீக்கர ஆஃப் பண்ணு ஐரின்!"

ஐரின் ஸ்பீக்கரை அணைத்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"கேஸு முட்ஞ்சிச்சா மேடம்?"

"பேசிக்கிட்டு இருக்காங்க. யாரையும் உள்ள விடாதீங்க துரைராஜ். உங்க போனைக் குடுங்க. நாளைக்கு ஸ்கூல் வேனுக்கு யாரு நிக்கிறதுன்னு என் தம்பிகிட்ட பேசணும்."